வார நாள் சாப்பாடும் ஒரு கிளாஸ் ஒயினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாய்க்கிழமை இரவு ஏழரை மணி. அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கிறது. அலமாரியில் விலை அதிகமில்லாத ஒரு பாட்டில் நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போகுமா? விருந்து ஒயினைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. இங்கே பேச்சு முழுக்க அரை மணி நேரத்தில் முடிகிற சமையலையும், யோசிக்காமல் திறக்கக்கூடிய பாட்டிலையும் பற்றியது.

இறைச்சிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை என்று சொல்வார்களே, அது போதாதா?

பாதிக் கிணறுதான் தாண்டும். அந்த விதி தட்டில் இருக்கும் பொருளின் பெயரைப் பார்க்கிறது. நாக்குக்குத் தெரிவதோ மேலே ஊற்றிய சாஸும் மசாலாவும். கோழியையே எடுத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சையும் பூண்டும் தடவி ஓவனில் வைத்தால் சோவிஞான் பிளாங்க் என்ற வெள்ளை நன்றாகப் போகும். தக்காளியில் வேகவைத்தால் பார்பேரா போன்ற புளிப்பான சிவப்பு வேண்டும். கிரீமும் காளானும் சேர்ந்தால் சார்டனே என்ற இன்னொரு வெள்ளை. சோயா சாஸ், இஞ்சி, கொஞ்சம் சர்க்கரை என்று வதக்கினால் லேசான இனிப்புள்ள ரீஸ்லிங் என்ற வெள்ளை. கோழி ஒன்றுதான், பாட்டில் நான்கு.

அதனால் நான் என்னையே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது: விழுங்கிய பிறகு வாயில் கடைசியாக நிற்பது எது? புளிப்பா, உப்பா, காரமா, எண்ணெயா, இனிப்பா? பதில் கிடைத்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது.

அப்படியானால் மீனோடு சிவப்பு ஒயின் குடிக்கலாமா?

சிலவற்றோடு தாராளமாக. ஆனால் அந்தப் பழைய பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. 2009இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பல வகை ஒயின்களைக் கடல் சிப்பி வகை ஒன்றோடு சுவைத்துப் பார்த்தார்கள். வாயில் கவிச்சி நாற்றம் எழுந்ததற்கும் ஒயினில் கரைந்திருந்த இரும்பின் அளவுக்கும் நேரடித் தொடர்பு இருந்தது. சிவப்பு ஒயின்களில் பொதுவாக இரும்பு சற்று அதிகம் என்பதால்தான் பழி மொத்தமாகச் சிவப்பின் மேல் விழுந்தது. இரும்பு எவ்வளவு என்று லேபிளில் போடுவதில்லை, ஆகவே வாங்கும்போது கண்டுபிடிக்க வழியில்லை.

ஒருமுறை டப்பா மத்தி மீனைத் திறந்துவிட்டு, கையில் கிடைத்த கனமான கேபர்நே சோவிஞானை ஊற்றிக்கொண்டேன். பழைய நாணயத்தை நக்கியது போல இருந்தது. அன்றிலிருந்து டப்பா மீன் என்றால் முஸ்கடே அல்லது அல்பரீன்யோ. இரண்டுமே கடற்கரைப் பகுதி வெள்ளை ஒயின்கள், கத்தி போன்ற புளிப்பு உள்ளவை. சால்மன், டூனா போன்ற கொழுத்த மீனைக் கருக வாட்டினால் மட்டும் குளிர்ந்த பினோ நுவார் என்ற சிவப்பு சரியாக இருக்கும்.

ஒயினில் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? செர்ரி வாசம், தோல் வாசம் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்களே?

வாசப் பட்டியலை இப்போதைக்கு மறந்துவிடலாம். சாப்பாட்டோடு மோதுவதும் கைகோப்பதும் நான்கு விஷயங்கள்தான்: புளிப்பு, துவர்ப்பு, மிச்சமிருக்கும் சர்க்கரை, ஆல்கஹாலின் சூடு.

துவர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டானின் என்று ஒயினைப் பற்றி எழுதுகிறவர்கள் சொல்வதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்: ஈறு இறுகுகிறது, நாக்கு உலர்கிறது, பட்டுத்துணி, மரத்தூள் என்று. தமிழில் அறுசுவையிலேயே அதற்கு ஓர் இடம் கொடுத்து வைத்திருக்கிறோம். பால் விடாமல் நெடுநேரம் ஊறிய கறுப்புத் தேநீர், சரியாகப் பழுக்காத வாழைப்பழம், இவற்றில் வருவதே அது. திராட்சையின் தோலிலிருந்தும் விதையிலிருந்தும், சில சமயம் ஓக் பீப்பாயிலிருந்தும் ஒயினுக்குள் இறங்குகிறது. தோலோடு ஊறி நொதிப்பது சிவப்பு ஒயின் என்பதால் அதில்தான் துவர்ப்பு மிகுதி. எச்சிலில் உள்ள புரதத்தோடு டானின் ஒட்டிக்கொள்வதால் வாயின் வழவழப்பு போய்விடுகிறது. கொழுப்பும் புரதமும் உப்பும் உள்ள இறைச்சியைக் கடித்த வாயில் அதே துவர்ப்பு அடங்கிப்போகிறது.

இதை நம்பச் சொல்லவில்லை, செய்து பாருங்கள். சாதாரணச் சிவப்பு ஒயின் ஒரு கிளாஸ், ஓர் எலுமிச்சைத் துண்டு, ஒரு சிட்டிகை உப்பு, அரைக் கரண்டி சர்க்கரை. முதலில் ஒயினை மட்டும் ஒரு வாய். பிறகு எலுமிச்சையை நக்கிவிட்டு ஒரு வாய்: ஒயினின் புளிப்பு குறைந்து பழச்சுவை மேலே வரும். உப்பைத் தொட்டுக்கொண்டு ஒரு வாய்: துவர்ப்பும் கசப்பும் தணியும். கடைசியாகச் சர்க்கரை. அதே ஒயின் திடீரென்று புளித்து, கசந்து, மெலிந்து நிற்கும். உணவின் புளிப்பும் உப்பும் ஒயினுக்கு நண்பர்கள், இனிப்பும் காரமும் சண்டைக்காரர்கள். ஐந்து நிமிடத்தில் இது நாக்குக்கே தெரிந்துவிடும். நான் படித்த எந்த அட்டவணையும் இந்த அளவுக்கு உதவியதில்லை.

தக்காளி சாஸ் பாஸ்தா வாரத்தில் இரண்டு நாள் செய்கிறோம். எது சரி?

தக்காளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்கும் புளிப்பு ஒயினிலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒயின் தண்ணீர் கலந்தது போலச் சப்பென்று ஆகிவிடும். மென்மையான, ஓக் வாசம் அடிக்கும் மெர்லோ இங்கே தோற்றுப்போவது இதனால்தான். இத்தாலியின் அன்றாடச் சிவப்புகள் இந்த வேலைக்கென்றே பிறந்தவை போலிருக்கும். பியட்மான்ட்டின் பார்பேராவில் புளிப்பு அதிகம், துவர்ப்பு குறைவு. சாஞ்சோவேசே திராட்சையில் செய்யும் கியான்டியில் இரண்டும் உண்டு, ஆகவே சாஸில் அரைத்த இறைச்சி சேர்ந்தால் கியான்டி, வெறும் தக்காளியும் பேசில் என்ற இத்தாலியத் துளசி இலையும் என்றால் பார்பேரா.

பீட்சாவுக்கும் இதே கணக்குதான், சீஸின் உப்பும் கொழுப்பும் கூடுதல். அதற்கு லம்புருஸ்கோ என்று லேசாக நுரைக்கும் ஒரு சிவப்பு இருக்கிறது. இனிப்பில்லாத வகையைக் கேட்டு வாங்கிக் குளிரவைத்துக் குடித்துப் பாருங்கள். இதைக் கேலி செய்கிறவர்கள் பெரும்பாலும் இனிப்பு வகையை மட்டுமே குடித்தவர்கள்.

நாங்கள் காரமாகச் சமைப்பவர்கள். எங்களுக்கு ஒயினே சரிப்படாது என்கிறார்களே?

தப்பான பாட்டிலைத் திறந்தால் சரிப்படாதுதான். மிளகாயில் உள்ள கேப்சைசின், வாயில் சூட்டை உணரும் நரம்பு ஏற்பிகளைத் தூண்டுகிறது. ஆல்கஹாலும் அதே ஏற்பிகளை இன்னும் கூச்சப்பட வைக்கும். அதனால் 14.5 சதவீத ஆல்கஹால் உள்ள ஷிராஸ் என்ற சிவப்பை மிளகாய்ச் சமையலுக்குப் பக்கத்தில் வைப்பது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றும் வேலை. துவர்ப்பும் காரத்தோடு சேர்ந்தால் முரட்டுத்தனமாகிவிடும். பலர் காரம் பலமாக இருப்பதால் ஒயினும் பலமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். நேர் எதிர்.

தேவை குறைந்த ஆல்கஹால், குறைந்த துவர்ப்பு, ஒரு கீற்று இனிப்பு, நல்ல குளிர்ச்சி. ஜெர்மன் ரீஸ்லிங்கில் காபினெட் என்று குறித்த வகை இதற்கு முதல் தேர்வு. ஒரு சின்னச் சூட்சுமம்: லேபிளில் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். நொதிக்கும்போது சர்க்கரைதான் ஆல்கஹாலாக மாறுகிறது. 8, 9 சதவீதத்தில் நின்றுவிட்ட ரீஸ்லிங்கில் மாறாத சர்க்கரை மிச்சமிருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். 12க்கு மேல் இருந்தாலோ, ‘ட்ரோக்கன்’ என்று போட்டிருந்தாலோ அது இனிப்பில்லாதது. தேங்காய்ப்பால் சேர்த்த காரமான சமையலுக்கு கெவுர்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளையும் நன்றாக இருக்கும், ரோஜா வாசம் பிடித்தவர்களுக்கு. எனக்கு அரை கிளாஸுக்கு மேல் முடியாது.

சிவப்புதான் வேண்டும் என்றால் கமே திராட்சையில் செய்யும் போஜோலேவை அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்து எடுங்கள். நுரைக்கும் ஒயினில் மட்டும் கவனம் தேவை. மிளகாய் அதிகமானால் குமிழிகள் குத்தும்.

மிளகும் மிளகாய் மாதிரிதானா?

இல்லை, மிளகு ஒயினுக்கு உறவுக்காரன். மிளகின் வாசத்துக்குக் காரணமான ரொட்டுண்டோன் என்ற பொருள்தான் ஷிராஸில் வரும் மிளகு வாசத்துக்கும் காரணம் என்று 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டார்கள். மிளகு தூக்கலாகப் போட்ட இறைச்சிக்கு ஷிராஸ் எடுத்தால் இரண்டும் ஒரே மொழி பேசும். வேடிக்கை என்னவென்றால், ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசமே எட்டுவதில்லை. ஒரே மேசையில் ஒருவர் ஆகா என்பதும் இன்னொருவர் விழிப்பதும் நடிப்பில்லை.

வறுவல், பொரியல் வகைகளுக்கு?

எண்ணெயை வெட்டப் புளிப்பும் குமிழியும். ஸ்பெயினின் காவா, இத்தாலியின் புரோசெக்கோ, பிரான்ஸின் கிரேமாங், எதுவானாலும் சரி. லேபிளில் ஒரு பொறி இருக்கிறது: ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்றால் இனிப்பே இல்லாதது என்று நினைத்துவிடுவோம். உண்மையில் அது ‘புரூட்’டை விட இனிப்பு. புரூட்டில் ஒரு லிட்டருக்கு 12 கிராம் வரைதான் சர்க்கரை இருக்கலாம், எக்ஸ்ட்ரா டிரையில் 12 முதல் 17 கிராம். வறுவலுக்குப் புரூட்.

இரவுக்கு வெறும் ஆம்லெட்தான். அதற்குமா?

ஏன் கூடாது? மஞ்சள் கரு நாக்கில் படலமாக ஒட்டுவதால் ஓக் ஏறிய கனமான ஒயின்கள் மங்கிவிடும். ஓக் படாத சார்டனே, அல்லது மேலே சொன்ன நுரை வகைகளில் ஒன்று. உள்ளே காளான் இருந்தால் பினோ நுவார்.

காய்கறி, பருப்பு மட்டும் சாப்பிடுகிறோம். பட்டியல்களில் எங்களுக்கு எதுவுமே இல்லையே?

பட்டியல் போடுகிறவர்களின் சோம்பேறித்தனம் அது. காய்கறியில்தான் சுவாரசியமே இருக்கிறது.

பச்சைக் குடமிளகாயின் வாசத்தைத் தருவது பைரசீன் வகைப் பொருள்கள். சோவிஞான் பிளாங்க்கிலும் கேபர்நே பிராங்க் என்ற சிவப்பிலும் அதே பொருள்கள் உண்டு. அதனால் குடமிளகாய், பட்டாணி, பச்சை மூலிகைகள் என்று தட்டு பச்சையாக இருந்தால் இவை இரண்டும் இயல்பாகப் பொருந்தும். பருப்பின் மண்வாசத்துக்கு மெல்லிய சிவப்பு, முக்கியமாக கமே. 1395இல் பர்கண்டியின் பிரபு பிலிப், கமே கொடிகளைப் பிடுங்கி எறியச் சொல்லி ஆணை போட்டார். பிடுங்கச் சொன்ன கொடிதான் இன்று போஜோலே முழுக்கப் படர்ந்திருக்கிறது, பருப்புக்குத் துணையாக. காளான், கருகச் சுட்ட கத்தரிக்காய் இரண்டுக்கும் கொஞ்சம் கனமான சிவப்பு தாங்கும். ஆனால் காளானின் உமாமி எனும் இறைச்சி போன்ற சுவை துவர்ப்பைக் கூட்டிக் காட்டும், உப்பைக் குறைக்காதீர்கள்.

தொல்லை தருபவர்கள் இருவர். கூனைப்பூவில் (ஆர்டிசோக்) உள்ள சைனரின் என்ற பொருள் அடுத்து வாயில் படும் எதையும் இனிப்பாகக் காட்டிவிடும். தண்ணீர்விட்டான் இனத்து ஆஸ்பரகஸ் தண்டு பல ஒயின்களைப் பச்சைத்தழை போல மாற்றிவிடும். இரண்டுக்கும் ஆஸ்திரியாவின் வெள்ளை ஒயினான க்ரூனர் வெல்ட்லீனர் ஓரளவு சமாளிக்கும்.

தட்டில் மூன்று நாள் மிச்சம் மீதி எல்லாம் இருக்கிறது. எதைப் பார்த்து எடுப்பது?

இனிப்பில்லாத ரோசே. வெள்ளையின் புளிப்பும் சிவப்பின் பழச்சுவையும் கொஞ்சம் கொஞ்சம் இருப்பதால் யாரோடும் பெரிதாகச் சண்டை போடாது. எதற்கும் மிகச் சிறந்த ஜோடி இல்லை, எதற்கும் மோசமும் இல்லை. வார நாளுக்கு அது பெரிய தகுதி.

மூன்றே மூன்று பாட்டில் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால்?

புளிப்பான, ஓக் படாத வெள்ளை ஒன்று. துவர்ப்பு குறைந்த, புளிப்புள்ள சிவப்பு ஒன்று. புரூட் காவா ஒன்று. என் வீட்டில் இப்போது ரீஸ்லிங், பார்பேரா, காவா. கேபர்நே, மால்பெக் போன்ற துவர்ப்பான கனத்த சிவப்புகளை நான் வேண்டுமென்றே விட்டுவிட்டேன். கொழுப்புள்ள மாட்டிறைச்சியையோ ஆட்டிறைச்சியையோ சுடும் நாளில் அவற்றுக்கு இணையில்லை, ஆனால் அப்படிப்பட்ட நாள் வாரத்தின் நடுவில் எத்தனை முறை வருகிறது?

எவ்வளவு குளிர வைக்க வேண்டும்?

பெரும்பாலான வீடுகளில் வெள்ளை அளவுக்கு மீறிக் குளிர்ந்தும், சிவப்பு அளவுக்கு மீறிச் சூடாகவும் பரிமாறப்படுகிறது. சிவப்பை அறை வெப்பத்தில் குடி என்ற அறிவுரை, வெப்பமூட்டி இல்லாத காலத்துக் கல் வீடுகளை மனதில் வைத்துச் சொன்னது. இன்றைய அறை 25 டிகிரி என்றால் அங்கே ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். கனத்த சிவப்புக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ், மெல்லிய சிவப்புக்கு 12 முதல் 14, வெள்ளைக்கு 8 முதல் 12, நுரை வகைக்கு 6 முதல் 8.

தெர்மாமீட்டரெல்லாம் வேண்டாம். சிவப்பைச் சாப்பிடுவதற்கு இருபது நிமிடம் முன்பு பிரிட்ஜுக்குள் வையுங்கள், வெள்ளையை அதே இருபது நிமிடம் முன்பு வெளியே எடுங்கள். அவசரம் என்றால் பனிக்கட்டியும் தண்ணீரும் ஒரு கைப்பிடி உப்பும் போட்ட வாளி. வெறும் பனிக்கட்டியைவிட அது சீக்கிரம் குளிர்விக்கும்.

ஒரே நாளில் பாட்டில் முடியாது. மீதியை என்ன செய்வது?

முடிக்கவும் வேண்டாம். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். மூடிவிட்டுப் பிரிட்ஜில் வையுங்கள், சிவப்பையும்தான். மூன்று நாள் தாங்கும், புளிப்பான வெள்ளை இன்னும் ஓரிரு நாள். காற்றுதான் எதிரி என்பதால், திறந்த உடனே பாதியைச் சின்னப் பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி மூடிவைப்பது கடையில் விற்கும் கருவிகள் பலவற்றைவிட நல்ல வழி. நுரை ஒயினின் கழுத்தில் வெள்ளிக் கரண்டியைத் தொங்கவிட்டால் நுரை போகாது என்பது வெறும் கதை. அதற்கென்று இறுக்கிப் பிடிக்கும் மூடி வேண்டும்.

திருகு மூடியும் அட்டைப்பெட்டியும் மட்டமா?

இல்லை. கார்க்கால் வரும் ஈர அட்டை வாசம் திருகு மூடியில் அநேகமாக வராது. பெட்டி ஒயினில் பை சுருங்கிக்கொண்டே வருவதால் காற்று புகாது, திறந்து ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். இரவுக்கு ஒரே கிளாஸ் என்பவர்களுக்கு அதுவே மேல்.

குடிக்கும் ஒயினையே சமையலிலும் ஊற்றலாமா?

ஊற்றலாம், துவர்ப்பானதாக இல்லாவிட்டால். வற்ற வற்றத் துவர்ப்பும் புளிப்பும் கெட்டிப்பட்டுவிடும். சமையல் ஒயின் என்று உப்புப் போட்டு விற்பதை வாங்காதீர்கள். கொதித்தால் ஆல்கஹால் முழுக்கப் போய்விடும் என்ற நம்பிக்கையும் தவறு. அமெரிக்க வேளாண்துறையின் அட்டவணைப்படி உணவில் கலந்து 15 நிமிடம் கொதித்தால் சுமார் 40 சதவீதம் மிச்சம், ஒரு மணி நேரத்தில் 25, இரண்டரை மணி நேரத்திலும் 5 சதவீதம் இருக்கும். ஆல்கஹால் கூடாது என்பவர்கள் மேசையில் இருந்தால் சமையலில் சேர்க்காமல் விடுவதே மரியாதை.

தினமும் ஒரு கிளாஸ் உடம்புக்கு நல்லதுதானே?

உலகச் சுகாதார நிறுவனம் 2023இல், ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்றே சொன்னது. 13 சதவீத ஒயின் 150 மில்லியில் ஏறத்தாழ 15 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. மருந்துக்காக யாரும் ஒயின் குடிக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிகள், வண்டி ஓட்ட இருப்பவர்கள், மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தப் பேச்சே வேண்டாம்.

குடிக்காதவர்களுக்கும் மேலே சொன்ன கணக்கு பயன்படும். எலுமிச்சை பிழிந்த சோடா புளிப்பும் குமிழியும் தருகிறது, வறுவலுக்கு அது போதும். சர்க்கரை போடாத குளிர்ந்த கறுப்புத் தேநீரில் அசல் துவர்ப்பு இருக்கிறது, இறைச்சிக்குச் சிவப்பு ஒயினின் வேலையைப் பாதியாவது செய்யும்.

சாப்பாட்டுக்குப் பிறகு சாக்லேட்டோடு மீதிச் சிவப்பைக் குடிக்கலாமா?

சர்க்கரை சோதனையை நினைத்துக்கொள்ளுங்கள். இனிப்போடு குடிக்கும் ஒயின் அந்த இனிப்பைவிட இனிப்பாக இருக்க வேண்டும். போர்ட் என்ற இனிப்பு ஒயின் இருந்தால் சரி, இல்லாவிட்டால் சாக்லேட்டைத் தனியாகச் சாப்பிடுங்கள்.

பாட்டிலைத் திறந்தாயிற்று, பொருந்தவில்லை. இப்போது?

தட்டைத் திருத்துங்கள், பாட்டிலைத் திருத்த முடியாது. ஒயின் கடுப்பாகத் துவர்த்தால் தட்டில் ஒரு சிட்டிகை உப்பும் சில சொட்டு எலுமிச்சையும், முடிந்தால் கொஞ்சம் வெண்ணெய் அல்லது துருவிய சீஸ். ஒயின் சப்பென்று இருந்தால் உணவில்தான் புளிப்பு ஒயினைவிட அதிகம், ஒரு கரண்டி கிரீம் அதைத் தணிக்கும். ஆல்கஹால் சுட்டால் பாட்டிலை இன்னும் பத்து நிமிடம் குளிர வையுங்கள். எதற்கும் மசியாவிட்டால் சாப்பாட்டைத் தண்ணீரோடு முடித்துவிட்டு, பாத்திரம் கழுவிய பிறகு உப்புப் போட்ட பாதாம் நாலைந்தோடு அந்த ஒயினைக் குடியுங்கள்.